அரைத் தாளம் முந்தி

மாஸ்டருக்கு உலகத்தில் இரண்டு விஷயங்கள் ஆகவே ஆகாது. ஒன்று, பொய் சொல்லும் தராசு. இன்னொன்று, பாட்டை முந்தி எடுக்கும் வாய். முதலாவதைப் பார்த்துக்கொள்ள எடை அளவு அலுவலகம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. இரண்டாவதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மாதா கோயில் பாடகர் குழுவுக்குத் தலைவர் என்கிற முறையில், அவராகவே தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டது அது.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு மளிகைக் கடையில் மின்தராசைச் சோதித்துக்கொண்டிருந்தார். தன் பெட்டியிலிருந்து ஐந்து கிலோ கல்லை எடுத்து வைத்தால் தராசு பத்து கிராம் கூடக் காட்டியது. "மழைக்காலம் சார், ஈரப்பதம்" என்று கடைக்காரர் ஏதோ சொல்லிப் பார்த்தார். "கல்லு நனையலையே" என்றார் மாஸ்டர். தராசைத் திருத்தி, கம்பியைக் கோத்து, முத்திரை பதிக்கிற ஈய வில்லையை இடுக்கியில் வைத்து நசுக்கப் போகிற நேரத்தில் போன் அடித்தது. கோயில் பங்கு அலுவலகத்துப் பெண்.

"மாஸ்டர், நம்ம முந்திரி அக்கா போயிட்டாங்க."

"எங்க போயிட்டாங்க?" என்றார் மாஸ்டர்.

அந்தப் பெண் விசும்பினாள். அப்புறம்தான் உறைத்தது. முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்த மனுஷி. காலையில் வேலைக்குக் கிளம்பத் தலை சீவிக்கொண்டிருந்தவர், சீப்பும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இடுக்கியை அழுத்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. முத்திரை தலைகீழாக விழுந்திருந்தது. பத்தொன்பது வருஷ சர்வீஸில் அது முதல் தடவை.

முந்திரி அக்காவுக்கும் முந்திரிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எல்லாவற்றிலும் முந்திக்கொள்வதால் பாடகர் குழுவில் யாரோ ஒரு குறும்புக்காரி வைத்த பெயர் அது. கேட்டதும் அக்கா விழுந்து விழுந்து சிரித்து, அன்றைக்கே அதைத் தன் பெயராக எடுத்துக்கொண்டார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கையில் ஊசி ஏறுவதற்கு முன்பே "அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிடுவார். நாம் நம்பி மூச்சு விடும்போதுதான் குத்துவார். வலி தெரியாது என்று அந்த வட்டாரமே அவரிடம்தான் கை நீட்டும்.

பாட்டிலும் அதே கதை. கீபோர்டில் முன்னிசை முடிந்து, ஒரு மூச்சு விட்டு, தாளத்தில் சேர்ந்து எடுக்க வேண்டும். மாஸ்டர் கையை உயர்த்துவார். கை கீழே வருவதற்குள் அக்கா ஆரம்பித்திருப்பார், அரைத் தாளம் முந்தி, மணி அடித்தாற்போல ஒரு குரலில். இருபத்திரண்டு வருஷம் மாஸ்டர் சொல்லிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், பென்சிலால் மேஜையைத் தட்டிப் பார்த்தார். "சரி மாஸ்டர், இனிமே பாருங்க" என்பார் அக்கா, மனதார. அடுத்த பாட்டில் மறுபடியும் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார்.

ஆறு மாசத்துக்கு முன்னால் ஆயர், அதாவது பிஷப், வந்தார். அந்தப் பூசையை இம்மி பிசகாமல் நடத்திக் காட்ட வேண்டும் என்று மாஸ்டருக்கு ஒரு வெறி. ஒத்திகை முடிந்து எல்லோரும் போனபிறகு அக்காவை நிறுத்தினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஒரு பூசைக்கு மட்டும் நீங்க கீழ சனங்களோட உக்காந்துக்கிறீங்களா?"

அக்கா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "அதுக்கென்ன மாஸ்டர்" என்றார். பாட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பாடகர் குழு நிற்கிற மாடியிலிருந்து இருபத்து மூன்று படியும் இறங்கிப் போனார்.

ஆயர் பூசை அமோகமாக நடந்தது. ஆயரே கூப்பிட்டுக் கைகொடுத்தார். "உங்க பங்கு சனங்க என்னமா பாடுறாங்க!" என்றார். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிறு அக்கா மாடிக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கீழே மூன்றாவது வரிசையில், நடைபாதை ஓரமாக, வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட வேண்டும் என்று மாஸ்டர் நினைத்தார். நினைத்ததோடு சரி. உண்மையைச் சொன்னால், அவர் இல்லாமல் மாடியில் தாளம் சுத்தமாக இருந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது. "ஒரு பூசைக்கு மட்டும்" என்று சொன்னது ஆறு மாசம் ஓடிவிட்டது. ஒரு மன்னிப்பு கேட்டிருக்கலாம். கோயில் வாசலில் எதிரெதிரே பார்த்தபோதெல்லாம் அக்கா சிரித்தார், மாஸ்டர் வாட்சைப் பார்த்தார்.

மத்தியானம் பங்கு அலுவலகத்துக்குப் போனபோது ஃபாதரும், அக்காவின் மகளும், வீட்டுக்காரரும் இருந்தார்கள். வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர், சாவி வெட்டுகிறவர். ஊரிலுள்ள பூட்டையெல்லாம் திறக்கிற மனுஷன் தன் வாயை மட்டும் திறக்க மாட்டார் என்று அக்காவே கேலி பண்ணுவார். மின்விசிறிக்கு நேர் கீழே, மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல் நுனியெல்லாம் பித்தளைத் தூள்.

மேஜைமேல் ஒட்டிய உறை ஒன்று இருந்தது.

போன நவம்பரில், இறந்தோர் மாதத்தில், ஃபாதர் ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தார். அவரவர் அடக்கப் பூசைக்கு எந்த பைபிள் வாசகம், எந்தப் பாட்டு, யார் வாசிக்க வேண்டும் என்று நிரப்பி, உறையில் போட்டு ஒட்டி, அலுவலகத்தில் கொடுத்து வைக்கச் சொன்னார். "துக்க வீட்டுல வந்து என்ன பாட்டுனு கேட்டா பாவம் யாருக்குத் தெரியும்? தெம்பா இருக்கறப்பவே யோசிச்சு வைங்க" என்றார். சனங்கள் தாளை வாங்கி விசிறிக்கொண்டார்கள். ஃபாதர் நமக்கு நாள் குறிக்கிறார் என்று சிரித்தார்கள். மாஸ்டர் தன் தாளை மடித்துப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. மொத்தப் பங்கிலும் நிரப்பிக் கொடுத்தது ஒரே ஆள். அதுவும் மறுநாள் காலையிலேயே. யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஃபாதர் உறையைப் பிரித்து மகளிடம் கொடுத்தார். மகள் உரக்க வாசித்தாள்.

முதல் வாசகம்: "மகள் வாசிக்கட்டும். அழுகை வந்தால் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரவும். அவசரமில்லை." அந்த இடத்திலேயே அவளுக்கு அழுகை வந்தது. ஃபாதர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

அப்பமும் திராட்சை ரசமும் கொண்டுவருவது: "பரிசோதனைக் கூடத்துப் பிள்ளைகள். கை நடுங்காது."

இரங்கல் உரை: "வேண்டாம். என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பொய் சேரும். கோயிலில் பொய் எதற்கு?"

"ஒரே போடா போட்டாங்க" என்று ஃபாதர் சிரித்துவிட்டார். பிறகு, சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்பதுபோல, மெதுவாகச் சொன்னார். "அவங்க சொல்றதுதான் சரி. அடக்கப் பூசை இறந்தவங்களப் புகழ்றதுக்கு இல்ல. இத்தன வருஷம் இவங்கள எங்களுக்குக் குடுத்ததுக்கு நன்றி, இனிமே நீங்க பாத்துக்கங்கனு ஆண்டவர் கையில ஒப்படைக்கிறதுக்கு. ஒப்படைக்கிறவங்க நம்ம எல்லாரும்தான். நான் மட்டும் இல்ல."

மகள் அடுத்த கட்டத்துக்கு வந்தாள். பாடல்கள்: "மாஸ்டர் இஷ்டம். ஆனால் சனங்களுக்குத் தெரிந்த பாட்டாக இருக்கட்டும். எல்லாரும் பாட வேண்டும். அது ஒன்றுதான் என் ஆசை. பாடகர் குழு மட்டும் பாடினால் பெட்டிக்குள் புரண்டு படுப்பேன்."

"கேட்டீங்களா மாமா?" என்றாள் மகள். அக்காவுக்குத் தம்பி மாதிரி என்பதால் சின்ன வயசிலிருந்தே மாஸ்டர் அவளுக்கு மாமாதான். "அம்மாவுக்கு மாடிய விட்டு எறங்குனது ரொம்பக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும். என்ன பண்றது, முட்டி வலி. படி ஏற முடியலன்னு சொன்னாங்க."

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. முட்டி வலியா? அக்கா வீட்டில் அப்படியா சொல்லி வைத்திருக்கிறார்? மாஸ்டரின் பெயர் வெளியே வராமல் காப்பாற்றியிருக்கிறார். இந்த நிமிஷத்தில் "இல்லம்மா, நான்தான் இறக்கிவிட்டேன்" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லப் போனார். பூட்டுக்காரர் தலையை நிமிர்த்தி அவரையே பார்த்தார். மாஸ்டர் மென்று முழுங்கிவிட்டார்.

தாளில் கடைசிக் கட்டம் ஒன்று மிச்சமிருந்தது. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா? "முந்திப் போவதற்கு மாஸ்டர் மன்னிக்கவும். பழக்கதோஷம்."

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகள் சிரித்துக்கொண்டே அழுதாள். மாஸ்டர் எழுந்து, பாட்டு எடுத்து வைக்க வேண்டும் என்று ஏதோ உளறிவிட்டு, வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றார். நான் கேட்க வேண்டிய மன்னிப்பை இவர் கேட்டுவிட்டார். அதிலும் முந்திக்கொண்டார்.

அந்தச் சுவரைப் பார்த்துத்தான் ஒரு முடிவுக்கு வந்தார். கேட்க முடியாமல் போன மன்னிப்பைப் பாட்டாகச் செய்துவிட வேண்டும். கோயில் மொத்தமும் பாட வேண்டும், அவ்வளவுதானே அக்காவின் ஆசை? பாடவைத்துவிடலாம். ஆயரே மெச்சிய சனங்கள் ஆயிற்றே. சாயந்திரம் பாடகர் குழுவை வரவழைத்து, ஒவ்வொரு வரியையும் நான்கு தடவை பாடவைத்தார். சின்னப் பிள்ளைகூடத் தூக்கத்தில் பாடும் பாட்டுகளாகப் பார்த்துப் பொறுக்கினார். பாட்டுத் தாளை நானூறு பிரதி எடுத்து, வரிசைக்கு வரிசை தன் கையால் வைத்தார்.

புதன்கிழமை நான்கு மணிக்குக் கோயில் நிரம்பி வழிந்தது. அக்காவிடம் கை நீட்டியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள் போலிருக்கிறது. வாசலில் பெட்டியை நிறுத்தி ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். ஞானஸ்நானத்தில் போர்த்திய வெள்ளை ஆடையின் நினைவாக, பெட்டிமேல் வெள்ளைத் துணியை மகளும் பூட்டுக்காரரும் சேர்ந்து விரித்தார்கள். ஒரு மூலை மடங்கியிருந்தது. பூட்டுக்காரர் குனிந்து, பித்தளைத் தூள் போகாத அந்த விரலால் நீவிவிட்டார். குடும்பத்துக்கென்று முதல் வரிசையைக் காலியாக வைத்திருந்தார்கள். அவர் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு, மூன்றாவது வரிசையில் தூணோரம் தன் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தார். மகள் அவருக்கு உட்புறமாக உட்கார்ந்தாள். நடைபாதை ஓரத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை. யாரும் சொல்லாமலே காலியாக விட்டிருந்தார்கள்.

மாடியிலிருந்து மாஸ்டர் கையைத் தூக்கினார். முன்னிசை முடிந்தது. ஒரு மூச்சு. கை இறங்கியது. பாடகர் குழு ஒரே குரலாக, சுத்தமாக, தராசில் நிறுத்த மாதிரி எடுத்தது.

கீழே ஒரு குரல் இல்லை.

நானூறு பேர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. பாடப் போகிறவர்கள் மாதிரிதான் இருக்கிறார்கள். ஆனால் பாடவில்லை. முதல் வரி போயிற்று, இரண்டாவது போயிற்று. பாட்டுக்குள் நுழைய வழி தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெட்டி பீடத்தின் முன்னால் போய்ச் சேரும்வரை பாடகர் குழு மட்டும் பாடிக்கொண்டே வந்தது. துக்கம், தொண்டை அடைத்திருக்கும் என்று மாஸ்டர் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

மகள் வாசகத்தை வாசித்தாள். ஒரே ஒரு தடவை நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். அடுத்து பதிலுரைப் பாடல். ஒரே வரி, சனங்கள் திருப்பிச் சொல்ல வேண்டியதுதான். மாஸ்டர் மாடியின் கம்பிக்கு வெளியே பாதி உடம்பு தொங்க, கையை வீசி வீசிக் கூப்பிட்டார். முணுமுணுப்பு மாதிரி ஏதோ எழும்பி, பாதியில் அமுங்கிப் போயிற்று. ஃபாதர் பீடத்திலிருந்து மாடியை அண்ணாந்து பார்த்தார். மாஸ்டருக்கு வியர்த்து ஊற்றியது. பெட்டிக்குள் அக்கா புரண்டு படுக்கிற சத்தமே கேட்டதுபோல இருந்தது.

ஃபாதர் மறையுரையை ஆரம்பித்தார். மாஸ்டர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்த காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயர் பூசையன்று சனங்கள் எப்படிப் பாடினார்கள்? போன ஞாயிறுகூடப் பாடினார்களே? அதே சனங்கள், அதே பாட்டு. அன்றைக்கு இருந்து இன்றைக்கு இல்லாதது என்ன?

விடை கண்ணுக்கு நேரே, மூன்றாவது வரிசையின் ஓரத்தில் இருந்தது.

சனங்கள் ஒருநாளும் மாஸ்டரின் கையைப் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது, மாடி அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கீபோர்டு எங்கே முடிகிறது, எங்கே மூச்சு விட வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு குரல் முந்திக்கொண்டு எழும். சரி, பாட்டு வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு எல்லோரும் பின்னாலேயே நுழைவார்கள். அக்கா மாடியில் இருந்தவரை அந்தக் குரல் மாடியிலிருந்து வந்தது. ஆறு மாசமாக மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது. இருபத்திரண்டு வருஷம் அவர் தப்பு என்று திருத்திக்கொண்டிருந்தது இந்தக் கோயிலின் கதவை. அந்தக் கதவு திறந்து கிடந்ததால்தான் நானூறு பேர் உள்ளே வந்தார்கள். தன் கையைப் பார்த்து வந்தார்கள் என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வெட்கமும் நன்றியும் ஒரே நேரத்தில் வந்தால் ஆளுக்கு என்ன ஆகும் என்பதை மாஸ்டர் அன்றைக்குத் தெரிந்துகொண்டார். கால் தானாக நகர்ந்தது.

"நீ வாசி" என்று கீபோர்டுக்காரரிடம் காதோடு சொன்னார். "நான் எப்ப எடுத்தாலும் என் பின்னாடியே வா."

"எங்கிருந்து எடுப்பீங்க?"

"கீழருந்து."

இருபத்து மூன்று படியும் இறங்கினார். செருப்புச் சத்தம் கேட்டு நாலைந்து தலைகள் திரும்பின. நடைபாதையில் நடந்து, மூன்றாவது வரிசைக்கு வந்து, காலி இடத்தின் முன்னால் நின்றார். பூட்டுக்காரர் ஏறிட்டுப் பார்த்தார். பலகையில் கிடந்த பாட்டுத் தாளை எடுத்து, இடம் விட்டார்.

காணிக்கைப் பாட்டு. பரிசோதனைக் கூடத்துப் பெண்கள் இரண்டு பேர் அப்பத்தையும் ரசத்தையும் ஏந்திக்கொண்டு கிளம்பினார்கள், கை நடுங்கவில்லை. மாடியில் முன்னிசை ஆரம்பித்தது. மாஸ்டர் வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்ய வேண்டும். உடம்பு பூராவும் வேண்டாம் வேண்டாம் என்றது. முன்னிசையின் கடைசிச் சுரம் இன்னும் பாக்கி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்து, எடுத்துவிட்டார். தப்பாக. அரைத் தாளம் முந்தி.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்து வரிசையிலிருந்து இரண்டு. அப்புறம் எண்ண முடியவில்லை. கோயிலின் இரண்டு பக்கமும் குரல் எழும்பிச் சேர்ந்தது. மாடியில் கீபோர்டு திடுக்கிட்டு, தடுமாறி, விழுந்தடித்துப் பின்னால் ஓடி வந்தது. யாரோ ஓர் அம்மாள் "ஐயோ, முந்திரி!" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொல்லிவிட்டு, அவரும் பாட ஆரம்பித்தார். பீடத்தில் ஃபாதர் கிண்ணத்தைக் கையில் வாங்கியபடியே பாடிக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்து மாஸ்டர் உட்கார்ந்தார். பூட்டுக்காரர் அவர் பக்கம் சாய்ந்தார். இத்தனை வருஷத்தில் மாஸ்டரிடம் அவர் தானாக ஒரு வார்த்தை பேசியது அதுதான் முதல் தடவை.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி, மாஸ்டர்" என்றார் தணிவாக. "அவ இன்னும் முந்துவா."

நற்கருணை வாங்கும்போது பாடும் நன்மைப் பாட்டில் இன்னும் கொஞ்சம் முந்தினார். கோயில் கூடவே வந்தது. கடைசியில் பெட்டியைச் சுற்றித் தூபம் காட்டி விடைகொடுத்தபோது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆயர் பூசையில்கூட அப்படி இல்லை.

கல்லறைக்குப் பத்து நிமிஷ நடை. பெட்டி வண்டியில் முன்னால் போக, சனங்கள் பின்னால் நடந்தார்கள். மாஸ்டர் பூட்டுக்காரரோடு சேர்ந்து நடந்தார். சொல்ல வேண்டியதை மண் போடுவதற்குள் சொல்லிவிட வேண்டும். அதற்கப்புறம் சொன்னால் அது வேறு.

"அண்ணே, அக்காவுக்கு முட்டி வலி எல்லாம் இல்ல" என்று ஆரம்பித்தார். "நான்தான் கீழ உக்காரச் சொன்னேன். தாளம் தப்புதுனு. ஒரு பூசைக்குனு சொல்லிட்டு அப்புறம் கூப்பிடவே இல்ல. நேத்து ஃபாதர் ரூம்லயே சொல்லிருக்கணும். வாய் வரல. என்னை மன்னிச்சிருங்க."

பூட்டுக்காரர் முன்னால் போகிற வண்டியைப் பார்த்தபடியே நடந்தார்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"முட்டி வலின்னா? தெனமும் மூணு மாடி ஈரத்துணி வாளியோட ஏறி, மொட்டமாடில காயப்போட்டுட்டு வருவா. என்கிட்டயேவா?" அவர் உதட்டோரம் லேசாக நெளிந்தது. "நீங்கதான் எறக்கி விட்டிருப்பீங்கன்னு அன்னிக்கே தெரியும்."

மாஸ்டருக்குத் தலை நிமிரவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ஆறு மாசமா இருக்கேன்" என்றார் பூட்டுக்காரர். "எனக்குப் பேசவே வராது, அதான். கல்யாணம் ஆனதுலருந்து பூசைக்கு ரெண்டு பேரும் சேந்துதான் கெளம்புவோம். வாசல் வரைக்கும்தான். அவ மாடிக்கு, நான் தூணுக்கு. நீங்க மாஸ்டரா வர்றதுக்கு முன்னருந்தே அப்படித்தான். பாட்டுதான் அவளுக்கு உசுரு, நான் என்ன சொல்ல முடியும்? தனியாவே உக்காந்திருந்தேன். நீங்க எறக்கி விட்டீங்க, என் பக்கத்துல வந்து உக்காந்தா. ஆறு மாசம், மாஸ்டர். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும். பூசைல ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்றப்ப என் கையப் புடிப்பா. இந்த வயசுல கோயில்ல கையப் புடிக்கிறதுக்கு எனக்குக் கூச்சமா இருக்கும். ஆனா அதுக்காகவே ஞாயித்துக்கெழமை எப்ப வரும்னு இருப்பேன்."

கொஞ்ச தூரம் நடந்தார்.

"அது உங்களாலதான் கெடச்சுது. ரொம்ப நன்றி."

பேச்சே வராத மனுஷன் இவ்வளவு பேசியிருக்கிறார். மாஸ்டர் பூட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். கல்லறை வாசல்வரை இருவரும் அப்படியே நடந்தார்கள்.

குழியருகே ஃபாதர் செபத்தை முடித்தார். பெட்டி இறங்கியது. ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். மகள் போட்டாள், பூட்டுக்காரர் போட்டார், மாஸ்டர் போட்டார். இனி ஒரு பாட்டுதான் பாக்கி. இங்கே கீபோர்டு கிடையாது, முன்னிசை கிடையாது, மாடி கிடையாது. எல்லோருடைய கண்ணும் மாஸ்டர்மேல் இருந்தது.

அவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். எவ்வளவு முந்த வேண்டும் என்று இப்போது அவருக்குத் தெரியும்.

வாயைத் திறப்பதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. பக்கத்திலிருந்து, கரகரவென்று, துருப்பிடித்த குரலில். சுருதி எங்கோ கிடந்தது. பூட்டுக்காரர் குழியைப் பார்த்தபடி பாடிக்கொண்டிருந்தார்.

சனங்கள் பின்னாலேயே நுழைந்தார்கள். மாஸ்டர் இழுத்த மூச்சை மெதுவாக விட்டுவிட்டு, அவர்களோடு சேர்ந்துகொண்டார்.